குப்பாயியா, சுப்பாயியா?

ஜே. கே. பி. ஓ. கடைசியில் ஓர் அரைப்புள்ளி.

இது என்ன என்று கேட்டால் முழிப்பீர்கள். யாரோ நாலு பேருடைய இனிஷியல் மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பக்கம் ஒதுங்கியவராக இருந்தால், அதுவும் ‘யளனகபக’ என்று நாள் கணக்கில் தட்டித் தமிழ் லோயர் பாஸ் பண்ணியவராக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலக் கீபோர்டில் அந்த ஐந்து விசைகளையும் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். மூளைக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

தமிழ்!

போன ஆடி மாதம் ஆட்டையாம்பட்டியிலிருந்து அக்கா போன் பண்ணினாள். அக்கா என்றால் பெரியப்பா மகள்.

‘‘ஏன்டா தம்பி, அப்பா எழுதி வெச்சிருந்தாரே ஒரு நோட்டு, அதை நீதானே கம்ப்யூட்டர்ல அடிச்சே? புஸ்தகமா போட்டுரலாம்னு பசங்க சொல்றாங்க. எடுத்து அனுப்பு.’’

எடுத்து அனுப்பு. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

ஆட்டையாம்பட்டி தெரியுமல்லவா? சேலத்துக்குத் தெற்கே, பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற ஊர். கை முறுக்குக்குப் பேர் போனது. பெரியப்பா அங்கே ஒரு நூல் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். வேலையை விட்டதும் கை சும்மா இருக்கவில்லை. கோடு போட்ட நோட்டில் குடும்பக் கதை, ஊர்க் கதை எல்லாவற்றையும் எழுதினார். எண்பது பக்கம்.

2001-ல் நான் பி.காம். முடித்துவிட்டு, வேலை கிடைக்கிற வரைக்கும் அங்கே ஒரு டி.டி.பி. சென்டரில் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, முறுக்குப் பாக்கெட்டுக்கு லேபிள். நடுவில் கிடைத்த நேரத்தில் பெரியப்பாவின் நோட்டை அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒரு சி.டி.யிலும் போட்டு வைத்தேன். இனி அழிவே கிடையாது என்று பெரியப்பாவிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

என்ன ஆயிற்று? பிரிண்ட் அவுட்டைப் படித்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போன உறவினர் தரவே இல்லை. நோட்டைக் கரையான் தின்றது. பெரியப்பா 2009-ல் போய்ச் சேர்ந்தார். சி.டி.யோ பளபளப்பு உரிந்து, தட்டு வடை மாதிரி கிடந்தது. எந்த டிரைவும் அதைச் சீண்டவில்லை.

மிச்சம் ஒன்றே ஒன்று. 2003-ல் பெரியப்பாவின் பேரன் ஒருவனுக்கு மெயிலில் ஒட்டி அனுப்பிய பிரதி. தேடிப் பிடித்துத் திறந்தேன். முதல் வரியே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கீழே எண்பது பக்கத்துக்கும் அதே கூத்து. நடுநடுவே கை நிறைய அள்ளித் தூவியது மாதிரி கேள்விக்குறிகள்.

நான் அடித்தது தமிழ். திறந்தால் வந்தது அது தமிழே இல்லை. நடுவில் யார் மாற்றினார்கள்?

யாரும் மாற்றவில்லை. அது முதலிலிருந்தே தமிழாக இருக்கவில்லை. அதுதான் விஷயம்.

* * *

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்த காமர்ஸ் பாஷையில் சொல்கிறேனே. ஒரு லெட்ஜர் இருக்கிறது. அதில் ஆட்களின் பெயரே கிடையாது, ஃபோலியோ நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யாருடையது என்று இன்டெக்ஸ் தனியாக இருக்கிறது. இன்டெக்ஸ் கையில் இருக்கும்வரை கவலை இல்லை. அது தொலைந்தால், அல்லது வேறொரு கடையின் இன்டெக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால்? முனுசாமியின் கடன் மாணிக்கத்தின் தலையில் விழும்.

எழுத்துகளுக்கான இன்டெக்ஸைத்தான் குறியேற்றம் என்கிறார்கள். அந்த எண்ணுக்குத் திரையில் என்ன உருவம் காட்டுவது என்று தீர்மானிப்பது எழுத்துரு, அதாவது ஃபாண்ட். இரண்டும் வேறு வேறு. ஆனால் இந்த வித்தியாசம் தெரியாமலேயே நாம் பல வருஷம் குடித்தனம் நடத்தினோம்.

இந்தக் கதை புரிய வேண்டுமானால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால், ஒரு நானூற்றைம்பது வருஷம்.

முறுக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று கை முறுக்கு. ஒவ்வொரு கைக்கும் ஒரு சுற்று. இன்னொன்று அச்சு முறுக்கு. யார் பிழிந்தாலும் ஒரே மாதிரி விழும். ஓலைச்சுவடி எழுத்து கை முறுக்கு மாதிரி. எழுதுகிறவரின் கை எப்படி வளைகிறதோ அப்படி. ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே பலர் எழுதினார்கள். படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது.

அச்சு வந்தபோது அந்தச் சௌகரியம் போனது. ஈயத்தில் வார்க்க வேண்டுமென்றால் எழுத்துக்கு ஓர் உருவம்தான் இருக்க முடியும். எது என்று யாராவது முடிவு பண்ணியாக வேண்டும்.

1554-ல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புத்தகம் அதுதான். ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது! தமிழ் எழுத்தை வார்க்க லிஸ்பனில் வழி இல்லாததால், தமிழ் வார்த்தைகளை ரோமன் எழுத்தில் அடித்துவிட்டார்கள். நாம் இன்றைக்கும் அவசரத்துக்கு ஆங்கில எழுத்தில் ‘வணக்கம்’ தட்டி அனுப்புகிறோமே, அதே வேலைதான்.

தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் புத்தகம் கொல்லத்தில் வந்தது. 1578 அக்டோபர் 20. பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் தமிழில் ஆக்கிய 16 பக்கச் சிறு நூல். கோவாவில் 1577-லும் கொல்லத்தில் 1578-லும் இதற்காகத் தமிழ் எழுத்துகளை வார்த்தார்கள். அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. புள்ளி இல்லை, குறில் நெடில் குழப்பம் எல்லாம் உண்டு. ஆனாலும் கொஞ்சம் சிரமப்பட்டால் நானும் நீங்களும் படித்துவிடலாம்.

யோசித்துப் பாருங்கள். 1578-ல் அடித்ததைப் படிக்க முடிகிறது. 2001-ல் நான் அடித்ததைப் படிக்க முடியவில்லை.

அடுத்த கட்டம் தரங்கம்பாடி. 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துகளை வெட்டி வார்த்து அனுப்பினார்கள். 1713-ல் வந்து சேர்ந்தன. பார்த்தால், எழுத்து ஒவ்வொன்றும் பெரிய பெரிய சைஸ். அந்த சைஸில் புதிய ஏற்பாட்டை அடித்தால் பேப்பர் கட்டுப்படி ஆகாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கிக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. 1715-ல் புதிய ஏற்பாடு முழுசாக அச்சாகி முடிந்தது.

அதே நூற்றாண்டில்தான் வீரமாமுனிவர். எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் இன்றைக்கு நாம் பிரித்து எழுதுகிறோமே, கொம்பைச் சுழித்தால் நெடில் என்கிறோமே, அந்த ஏற்பாடு அவர் செய்தது. அதற்கு முன்னால் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். புள்ளியே வைக்காத ஊரில் எந்த இலக்கணம் எடுபடும்?

அப்புறம் ஈய எழுத்துகளின் ராஜ்ஜியம். பழைய அச்சகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பாசிட்டர் முன்னால் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த ‘கேஸ்’ சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு அறையிலும் ஓர் எழுத்து. அவர் கை, கண்ணின் உதவி இல்லாமலே அறை அறையாகப் போய் வரும். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துதான், சின்னது பெரியது என்று இரண்டு செட். தமிழுக்கோ 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். மொத்தம் 247. கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக வைத்துச் சமாளித்தாலும் கு, கூ, மு, மூ வகையறாவைச் சமாளிக்க முடியாது. அவை ஒவ்வொன்றுக்கும் தனி உருவம், தனி அறை.

இந்த அறைச் சண்டையைக் குறைக்கத்தான் 1935-ல் பெரியார் ‘குடி அரசு’ பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். அது அரசாணையாக வர 1978 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகள் இன்றைய உருவத்துக்கு மாறின. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பழைய ‘னை’ வீட்டுக்குப் போனது.

கவனியுங்கள். இதுவரை நடந்தது எல்லாம் உருவத்தைப் பற்றிய சண்டை. அடுத்து வந்தது எண்ணைப் பற்றிய சண்டை.

* * *

கம்ப்யூட்டரின் ஆரம்பகால இன்டெக்ஸ், ஆஸ்கி. 1963-ல் அமெரிக்காவில் வகுத்தது. மொத்தம் 128 அறை. ஆங்கில எழுத்து, எண், கமா, முற்றுப்புள்ளி எல்லாம் அதிலேயே அடக்கம். பின்னால் 256 அறையாக வளர்ந்தபோது மேலே இருந்த 128-ல் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் குடியேறின. தமிழுக்கு இடமே இல்லை.

இடம் இல்லாதவன் என்ன செய்வான்? அடுத்தவன் வீட்டில் வாடகைக்குப் போவான். தமிழ் ஃபாண்ட் செய்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். 106-ஆம் அறையில் ஆங்கில ‘ஜே’ இருக்கிறதா? அதன் உருவத்தை அழித்துவிட்டு ‘த’ வரைந்து வைத்தார்கள். 107-ல் ‘கே’. அதற்குப் பதில் ‘ம’. 112-ல் ‘பி’. அங்கே ‘ி’ என்ற விசிறி. 111-ல் ‘ஓ’. அங்கே ‘ழ’. 59-ல் அரைப்புள்ளி. அங்கே மெய்க்குரிய புள்ளி. டைப்ரைட்டரில் எந்த விசையில் எந்த எழுத்து இருந்ததோ அதே வரிசை. அதனால் லோயர், ஹையர் முடித்தவர்கள் மறுநாளே டி.டி.பி.யில் உட்கார்ந்துவிட முடிந்தது. பாமினி என்ற ஃபாண்ட் இந்த வழியில் வந்ததுதான். இலங்கையிலும் இங்கேயும் சக்கைப்போடு போட்டது.

கண்ணுக்குத் தமிழ். கம்ப்யூட்டருக்கு 106, 107, 112, 111, 59. அதாவது ஆங்கிலம்தான், வேஷ்டி கட்டிய ஆங்கிலம். ஃபாண்டை எடுத்துவிட்டால் வேஷ்டி அவிழ்ந்துவிடும்.

இதிலாவது எல்லாரும் ஒரே அறையைப் பிடித்தார்களா? அதுவும் இல்லை. ஒவ்வொரு ஃபாண்ட் கம்பெனிக்கும் ஓர் இன்டெக்ஸ். ஒரு பத்திரிகையின் இணையதளத்தைப் படிக்க ஒரு ஃபாண்ட் இறக்க வேண்டும். அடுத்த பத்திரிகைக்கு வேறு ஃபாண்ட். தொண்ணூறுகளின் கடைசியில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, அதில் பாதியை ஃபாண்ட் இறக்குவதிலேயே செலவழித்த தலைமுறை என்னுடையது.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட முதலில் முனைந்தவர்களில் பலர் கடல் கடந்த தமிழர்கள். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி முன்னின்று 1997-ல் தமிழ் இணைய மாநாடு நடத்தினார். சுவிட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முரசு அஞ்சல் முத்து நெடுமாறன் போன்றவர்கள் மின்னஞ்சலிலேயே மாதக்கணக்கில் விவாதித்தார்கள். அப்படிப் பலர் கூடிப் பிறந்ததுதான் திஸ்கி என்ற குறியேற்றம். கீழே 128 அறையில் ஆங்கிலத்தைத் தொடாமல் விட்டு, மேலே 128-ல் தமிழை வைத்தது. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை இதில் ஏற்றியது.

1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு. தமிழக அரசு நடத்தியது. டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களும், தமிழ்99 என்ற கீபோர்டும் தீர்மானமாயின. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் பழைய ஃபாண்டைப் பழகிய கை, அரசாணையைப் பார்த்தா மாறும்? ஆட்டையாம்பட்டி டி.டி.பி. சென்டருக்கு இந்தத் தகவலே வரவில்லை. நான் பாட்டுக்கு ஏதோ ஒரு ஃபாண்டில், அதன் பெயர்கூட இன்றைக்கு ஞாபகம் இல்லாத ஒரு ஃபாண்டில், பெரியப்பாவை அடித்துக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது. 1991-ல் வந்த யூனிகோடு. உலகத்தில் உள்ள எல்லா எழுத்துக்கும் தனித்தனி எண். யாரும் யார் வீட்டிலும் வாடகைக்கு இருக்க வேண்டாம். தமிழுக்கு 128 அறை கொண்ட ஒரு தெரு. அதில் ‘தமிழ்’ என்றால் 2980, 2990, 3007, 2996, 3021. எந்த ஃபாண்ட் போட்டாலும், ஃபாண்டே இல்லாவிட்டாலும், அந்த எண்களுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. இந்திய அரசு 1988-ல் இந்திய மொழிகளுக்கென்று இஸ்கி என்ற திட்டம் வைத்திருந்தது. யூனிகோடு அதைப் பார்த்து வரைந்துகொண்டது. இஸ்கியின் அடிப்படை, எல்லா இந்திய மொழிக்கும் ஒரே வரைபடம். அதனால் தமிழ்த் தெருவில் ‘க’ 2965-ல் இருக்கிறது, ‘ங’ 2969-ல் இருக்கிறது. நடுவில் மூன்று அறை காலி. இந்தியின் வர்க்க எழுத்துகளுக்கான இடம். தமிழுக்கு ஆள் இல்லை. அதேபோல ன, ற, ழ எல்லாம் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லாமல் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்ற வாதமும் எழுந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடையும் அப்படி எல்லா எழுத்துக்கும் அறை கொடுக்கும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்து அரசாணை வந்தது. ஆனால் போனிலும் கம்ப்யூட்டரிலும் பிறக்கும்போதே கூட வருவது யூனிகோடு. சனங்கள் அதோடு போய்விட்டார்கள்.

டி.டி.பி. சென்டர்கள் மட்டும் போகவில்லை. காரணம் சோம்பேறித்தனம் அல்ல. ‘கொ’ என்று எழுத, பழைய ஃபாண்டில் கொம்பு, க, கால் என்று பார்த்த வரிசையில் அடிப்போம். யூனிகோடில் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கிற வேலையைச் சாஃப்ட்வேர் செய்ய வேண்டும். நாங்கள் எல்லாம் கட்டிக்கொண்டு அழுத பேஜ்மேக்கருக்கு அது கடைசிவரை தெரியாது.

* * *

இந்தத் தலைவலி தமிழனுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எகிப்துக்கு ஒரு நடை போய் வரலாம்.

பிரமிடு கட்டியவர்களின் மொழிக்கு என்ன ஆயிற்று என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? அந்த மொழியின் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் காப்டிக். சித்திர எழுத்துகளைக் கைவிட்டு, கிரேக்க எழுத்துகளைக் கடன் வாங்கி எழுதினார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குத் தங்கள் பழைய எழுத்திலிருந்தே ஆறு ஏழு எழுத்துகளை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். பிற்பாடு நாட்டில் அரபி பரவி, காப்டிக் வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்தது. எகிப்தின் காப்டிக் திருச்சபை வழிபாட்டில் மட்டும் இன்றும் ஒலிக்கிறது. 1822-ல் பிரான்சின் ஷாம்போலியன் எகிப்தியச் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தாரே, அவருக்குக் கைகொடுத்த சாவிகளில் ஒன்று காப்டிக். 1945-ல் நாக் ஹம்மாதி என்ற ஊருக்குப் பக்கத்தில் கிராமத்து ஆட்கள் ஒரு ஜாடியைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே தோல் அட்டை போட்ட, பதினாறு நூற்றாண்டுப் பழமையான புத்தகங்கள். எல்லாம் காப்டிக்.

இவ்வளவு பெரிய பரம்பரைக்கு யூனிகோடு கொடுத்த இடம் என்ன தெரியுமா? கிரேக்கர் வீட்டுத் திண்ணை. காப்டிக் எழுத்து, கிரேக்க எழுத்தின் இன்னொரு ஸ்டைல்தானே, எண் கிரேக்கத்துடையதே போதும், காப்டிக் ஃபாண்ட் போட்டால் காப்டிக்காகத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். கிரேக்கத்தில் இல்லாத அந்த ஏழு எழுத்துக்கு மட்டும், சிறியது பெரியது என்று 994 முதல் 1007 வரை பதினாலு அறை.

அகராதி அச்சடிப்பவர்களுக்குத் திண்டாட்டம். ஒரே பக்கத்தில் காப்டிக் சொல்லும் வரும், அதன் கிரேக்க மூலமும் வரும். ஃபாண்ட் போய்விட்டால் எது எந்த மொழி என்றே தெரியாது. போதாக்குறைக்கு, காப்டிக்கில் சில மெய்யெழுத்துகளின் தலையில் ஒரு கோடு உண்டு. சில சுவடிகளில் இரண்டு மூன்று எழுத்துக்குச் சேர்த்தே ஒரு கோடு ஓடும். நம் புள்ளியை நடு உச்சியில் உட்கார வைக்க ஃபாண்ட் செய்பவர்கள் பட்ட பாட்டைப்போல, அந்தக் கோட்டை இடைவெளி விழாமல் இணைப்பதற்கு அங்கே படாத பாடு.

ஆராய்ச்சியாளர்கள் விடாமல் வாதாடினார்கள். 2005 மார்ச்சில் வெளிவந்த யூனிகோடு 4.1-ல் காப்டிக்குக்குத் தனித் தெரு கிடைத்தது. 11392-ல் தொடங்குகிறது. ஆனால் ஒரு தடவை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் சட்டம். அதனால் அந்த ஏழு எழுத்துகளும் இன்றுவரை கிரேக்கர் தெருவிலேயே இருக்கின்றன. குடும்பம் ஒன்று, ரேஷன் கார்டு இரண்டு.

நமக்கும் இதே மாதிரி ஒரு சண்டை வந்தது. 2010-ல் கிரந்த எழுத்துகளுக்கு யூனிகோடில் இடம் கேட்டபோது, எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகளையும் கிரந்தத் தெருவில் வைக்க யோசனை சொன்னார்கள். தமிழறிஞர்கள் கொதித்தார்கள். தமிழக அரசும் ஆட்சேபித்தது. 2014-ல் கிரந்தம் தன் தெருவுக்குப் போனபோது அந்த ஐந்தும் அதில் இல்லை. வெறும் எண்ணுக்கா இவ்வளவு சண்டை என்று அப்போது நானும் சிரித்தேன்.

இப்போது சிரிக்கவில்லை.

* * *

பெரியப்பா நோட்டுக்கு வருவோம். முதல் இரண்டு பக்கத்தை விரலால் படித்தேன். நிஜமாகத்தான். திரையில் இருந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்து மேஜைமேல் விரலை ஓட்டினால், உள்ளே எங்கோ ‘யளனகபக’ முழித்துக்கொண்டு தமிழாகச் சொல்லிற்று. அப்புறம் புத்தி வந்தது. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒட்டினேன். மறு நொடி முக்கால்வாசி தமிழாகிவிட்டது.

கால்வாசி கேள்விக்குறி.

என்ன ஆகியிருக்கிறது என்றால், அந்த ஃபாண்டைச் செய்த புண்ணியவான் கு, சு, து, மு போன்ற எழுத்துகளை 128-க்கு மேலே இருந்த அறைகளில் வைத்திருக்கிறார். 2003-ல் நான் மெயிலில் ஒட்டி அனுப்பியபோது, கீழே இருந்தவற்றை ஆங்கிலம் என்று நினைத்துச் சாஃப்ட்வேர் விட்டுவிட்டது. மேலே இருந்தவை என்னவென்று அதற்குப் புரியவில்லை. ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டது. எண்ணே போய்விட்டது. இனி எந்த மாற்றியாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பரவாயில்லை என்று உட்கார்ந்து நிரப்பினேன். ‘?றுக்?’ என்றால் முறுக்கு. ‘வீட்?க்?’ என்றால் வீட்டுக்கு. ‘?ப்பிரமணி’ என்றால் சுப்பிரமணி. பெரிய கஷ்டமில்லை. தமிழ் தெரிந்தவனுக்கு இது பத்திரிகையில் வருகிற குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி. இன்னொரு சமாச்சாரமும் கண்ணில் பட்டது. பெரியப்பா பழைய கணக்குப்பிள்ளை. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று சுழித்துத்தான் எழுதுவார். 2001-ல் என் ஃபாண்டில் அவை இல்லை. வார்த்தையாகவே அடித்திருந்தேன். யூனிகோடு 2003-லேயே இவற்றுக்கு அறை கொடுத்துவிட்டது. பெரியப்பா வைத்த மாதிரியே திருப்பி வைத்தேன்.

நாலு ராத்திரி. நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றேன்.

‘‘எனக்கு நேர் மூத்தவள் ?ப்பாயி. ஏழு வயசில் பேதியில் போனாள்.’’

குப்பாயியா? சுப்பாயியா?

எங்கள் பக்கத்தில் இரண்டுமே சர்வசாதாரணமான பெயர். முன்னே பின்னே பார்த்தேன். வேறு எங்கும் அவள் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

‘‘தம்பி, நம்ம வீட்டுச் சாமிக்கு வருஷா வருஷம் ஒரு குட்டிப் பாவாடை எடுத்து வைக்கிறோம்ல, அது அந்தப் புள்ளைக்குத்தான்டா. கன்னிப் பாப்பான்னுதான் சொல்லுவோம். பேரு அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அதனாலதான் புஸ்தகமே கேட்டேன்.’’

எனக்குப் பேச வரவில்லை. அந்தப் பெயரை நான் படித்திருக்கிறேன். இந்த விரலால் அடித்தும் இருக்கிறேன். அன்றைக்குத் திரையில் முழுசாகத் தெரிந்திருக்கும். முறுக்கு லேபிளுக்கு நடுவில் அடித்துத் தள்ளியதில், ஒரு நொடிகூட மனசில் தங்கவில்லை.

முறுக்கில் ஓர் எழுத்து போனால் மொழி அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்தச் சொல்லைக் கோடிப் பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏழு வயசில் செத்துப்போன ஒரு பெண்ணின் பெயருக்கு அந்த ஒரே ஓர் எழுத்துதான் சாட்சி. பள்ளிக்கூட ரிஜிஸ்டர் கிடையாது. கல்வெட்டு கிடையாது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சி.டி. இருக்கலாம். அப்பாவின் கவிதை, தாத்தாவின் சுயசரிதம், ஊர்க் கோயிலின் தல வரலாறு. டி.டி.பி. சென்டரில் காசு கொடுத்து அடித்து, பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் திறந்து பாருங்கள். ஜே, கே, பி, ஓ என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது பிழைத்துக்கொள்ளும். மெயிலில் ஒட்டாதீர்கள், ஃபைலை அப்படியே நகல் எடுங்கள். எந்த ஃபாண்ட் என்று தெரிந்தால் ஒரு காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். அப்புறம் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு தடவை பிரிண்ட் எடுத்து, பெயர்களை மட்டுமாவது பெரியவர்களிடம் படித்துக் காட்டிச் சரிபாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே.

புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. அந்த இடத்தில் கு போடுவதா, சு போடுவதா என்று அக்காவிடம் கேட்டேன்.

‘‘நீ எதையும் போடாத. காலியா விட்டுரு. தப்பான பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, புள்ள திரும்பிப் பாக்குமா?’’